உங்கள் நாற்காலியில் இன்னொருவர் உட்காரும்படி செய்யுங்கள்: அட்மின் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அட்மின் அசிஸ்டென்டாக ஆறு வருடம் ஓட்டியிருந்த நேரம். அக்கவுன்ட்ஸில் ஒரு இடம் காலியானது. பி.காம் படித்தவள், டேலி கணக்கு மென்பொருள் தெரியும், பாதி வவுச்சர் நான்தான் போடுகிறேன், கேட்டுத்தான் பார்ப்போமே என்று எம்.டி. அறைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ அங்க போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பார்ப்பாங்க? எது எங்க இருக்குன்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். பாராட்டிவிட்டார் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேறு சொன்னேன். வெளியிலிருந்து ஒரு பையனை அந்த இடத்துக்கு எடுத்தார்கள். அவனுக்கு என்னைவிட நாலாயிரம் அதிகம் என்பது அடுத்த மாதச் சம்பளப் பட்டியலை நானே டைப் அடித்தபோது தெரிந்தது.

எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்ததால்தான் என்னை அந்த நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கயிறு திரித்துக் கொடுத்தது நான்தான். அதை அவிழ்க்க எனக்கு இன்னும் மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு ஆறு மாதத்தில் முடியும் என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ரண்ட் ஆபீஸ், அட்மின் எக்ஸிகியூடிவ், பேக் ஆபீஸ், பி.ஏ., கோஆர்டினேட்டர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பெயர் எதுவானாலும், "இதை யார் பார்ப்பது என்று தெரியவில்லையா, அட்மினிடம் கொடு" என்பதுதான் வேலை. தமிழ்நாட்டில் இருபது பேரிலிருந்து இருநூறு பேர் வரை இருக்கும் தனியார் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய ஐ.டி. கம்பெனியில் இதில் பாதிக்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கும்.

முதல் படி: இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். செய்கிற ஒவ்வொரு வேலையையும், எவ்வளவு நேரம் ஆனது, யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். தண்ணீர் கேன்காரருக்கு போன் போட்டது, கூரியர் பில்லில் எடை தவறாக இருந்ததைப் பிடித்தது, ஏ.சி. மெக்கானிக் வரும் வரை சர்வர் அறைக் கதவைத் திறந்து வைத்தது, எம்.டி.யின் மைத்துனர் பையனுக்கு ரயில் டிக்கெட் போட்டது வரை எதையும் விடாதீர்கள். கூச்சமாக இருக்கும், "இதையெல்லாமா எழுதுவது" என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறதே, அந்த வேலைகள்தான் உங்கள் நாளைத் தின்றுகொண்டிருப்பவை.

இரண்டு வாரம் கழித்து மூன்று நிற பேனாவால் குறியுங்கள்: தேதி தவறினால் அபராதமோ நஷ்டமோ வரக்கூடியவை சிவப்பு, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியவை பச்சை, உங்கள் வேலையே இல்லாதவை நீலம். என் முதல் நோட்டில் நீலம் கால்வாசிக்கு மேல் இருந்தது, அதில் பெரும்பகுதி சேல்ஸ் பசங்களுடைய டிராவல் பில்லை அவர்களுக்காக நான் நிரப்பியது. இந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சம்பளப் பேச்சு வரும்போது மறுபடி தேவைப்படும்.

இரண்டாம் படி: தேதிகளைத் தலையிலிருந்து இறக்குங்கள்

அக்கவுன்ட்ஸ்காரர் கட்டுவார், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்துக்கு விவரம் அனுப்புவது பெரும்பாலும் நீங்கள்தான், தாமதமானால் "அட்மினிலிருந்து வரவில்லை" என்ற ஒரே வரியில் பழி உங்கள் மேல் இறங்கிவிடும்.

மாதத் தேதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். போன மாதம் சம்பளத்திலும் பில்லிலும் பிடித்த வருமான வரி, அதாவது டிடிஎஸ், இந்த மாதம் 7-ஆம் தேதிக்குள் (மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை), ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மாதாமாதம் போடுகிற கம்பெனிக்கு 11-ஆம் தேதி, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் 15-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரியைக் கட்டிப் போடும் சுருக்க ரிட்டர்ன்) 20-ஆம் தேதி. இதில் 15 தான் அட்மினுக்கு நெருக்கமானது, ஏனென்றால் யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யார் நின்றுவிட்டார்கள், யாருக்கு எத்தனை நாள் சம்பளமில்லாத விடுப்பு என்ற வருகைப் பதிவு உங்களிடமிருந்துதான் போக வேண்டும். இஎஸ்ஐ-யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் பொருந்தாது. ஆனால் நடுவில் சம்பளம் உயர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் வரை, பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. இன்கிரிமென்ட் போட்ட மாதமே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஓடுவார்கள்.

வருடத் தேதிகள்தான் ஆளை விழுத்துபவை. கம்பெனி வண்டி இன்சூரன்ஸ், தீயணைப்புக் கருவி ரீஃபில், ஏ.சி., யுபிஎஸ், லிஃப்ட் இவற்றின் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கட்டட வாடகை ஒப்பந்தம், இணையதளப் பெயர் புதுப்பிப்பு, உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரி. அப்புறம் டைரக்டருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்! நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் சரியாக 20-ஆம் தேதி மதியம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட டோக்கனைச் செருகினால், அது இரண்டு நாளைக்கு முன்பே காலாவதி ஆகியிருந்தது. டைரக்டர் கோலாலம்பூரில். புதிது வாங்க அவர் முகத்தை வீடியோவில் காட்டிச் சரிபார்க்க வேண்டும், அவர் போனில் சிக்னல் இல்லை. அந்த டோக்கன் இருந்த இழுப்பறைச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்கிறீர்களா? என்னிடம்தான்.

அதனால் ஒரு எக்செல் ஷீட், ஐந்து பத்தி: என்ன, கடைசி தேதி, யாரிடம் பேச வேண்டும், போன முறை எவ்வளவு ஆனது, ஆவணம் எங்கே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கூகுள் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் வையுங்கள், 30 நாள் முன்பு ஒன்று, 7 நாள் முன்பு ஒன்று. காலண்டரை உங்கள் சொந்த ஐடியில் வைக்காதீர்கள், ஆபீஸ் ஐடியில் வைத்து அக்கவுன்ட்ஸுக்கும் எம்.டி.க்கும் பகிர்ந்துவிடுங்கள். இதைச் செய்த முதல் மாதமே எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு இருக்கா?" என்றார். ஆறு வருடம் அதைச் செய்தபோது யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் அடுத்த வருட விடுமுறைப் பட்டியலும் உங்கள் தலையில்தான் விழும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், கூட ஐந்து பண்டிகை நாட்களும் கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஐந்துக்குத்தான் சண்டை வரும். பொங்கலுக்கு எத்தனை நாள், ரம்ஜான், கிறிஸ்துமஸ் உண்டா, தீபாவளிக்கு மறுநாள் உண்டா என்று. நீங்களே முடிவு செய்து பட்டியல் ஒட்டாதீர்கள். இரண்டு மாதிரிப் பட்டியல் போட்டு மேலே அனுப்பி, கையெழுத்து வாங்கிய பிறகு ஒட்டுங்கள், திட்டு கையெழுத்துக்குப் போகட்டும்.

மூன்றாம் படி: பணத்தில் ஒரு ரூபாய் கூட வாயால் வேண்டாம்

அட்மினின் பெயர் கெடுவதும் நிலைப்பதும் பெட்டி கேஷில், அதாவது சில்லறைச் செலவுக்குக் கையில் வைத்திருக்கும் ரொக்கத்தில். நல்ல வழி ஒன்றுதான்: நிலையான ஒரு தொகையை, 10,000 என்று வையுங்கள், கையில் வாங்கிக்கொண்டு, எந்த நேரத்திலும் கையில் இருக்கும் பணமும் வவுச்சர்களும் கூட்டினால் அதே 10,000 வர வேண்டும். குறைந்ததும் வவுச்சரைக் கொடுத்து, செலவான அளவுக்கு மட்டும் மறுபடி வாங்குங்கள். "ஒரு ஐந்நூறு குடும்மா, சாயங்காலம் தரேன்" என்று யார் கேட்டாலும், அது டைரக்டரின் டிரைவர் அண்ணனாகவே இருந்தாலும், ஐஓயு சீட்டு (பணம் வாங்கியதற்கான கடன் சீட்டு) எழுதி கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள். சீட்டு நீட்டினால் முகம் சுளிப்பார்கள். அடுத்த முறை சுளிக்க மாட்டார்கள்.

பில் இல்லாத செலவுகள் இருக்கும். ஆட்டோ, லோடு இறக்கியவர், ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, பூசணிக்காய். அதற்கு உள் வவுச்சரில் வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்க ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள் (சரக்கு வண்டி வாடகைக்கு 35,000 வரை). பெயின்டர் வந்து "கேஷா கொடுங்க மேடம்" என்று நிற்கும்போது இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சப்ளையர் பில் வந்தால் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். அதில் எழுத்தும் எண்ணுமாக 15 இடம், முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து அந்தக் கம்பெனியின் பான். பில்லில் உங்கள் கம்பெனியின் எண் ஒரு எழுத்து தவறாக இருந்தாலும் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நாம் கட்டும் வரியில் கழித்து எடுப்பதில் சிக்கல் வரும். சேல்ஸ் ஆட்கள் பெங்களூரில் ஹோட்டலில் தங்கி நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் கொண்டுவந்து பெருமையாக நீட்டுவார்கள். அதில் கர்நாடகாவின் வரி போட்டிருக்கும், தமிழ்நாட்டில் மட்டும் பதிவு வைத்திருக்கும் கம்பெனி அதை எடுக்க முடியாது. விமான டிக்கெட்டுக்கு எண் கொடுப்பதில் பலன் உண்டு, அதையோ யாரும் கொடுக்க மாட்டார்கள்.

சிறு சப்ளையர்களின் பில்லை மேஜையில் தூங்க விடாதீர்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருப்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். தவறினால், 2023-24 நிதியாண்டிலிருந்து, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். பில் வந்த அன்றே தேதி முத்திரை குத்தி இன்வர்ட் நோட்டில் (உள்ளே வரும் தபால், பில்லைப் பதியும் நோட்டு) ஏற்றுவது இதற்காகவும்தான். "பில்லே வரலியே" என்று அக்கவுன்ட்ஸ் சொல்லும்போது அந்த நோட்டு உங்கள் பக்கம் பேசும்.

நான்காம் படி: எக்செலில் மூன்று விஷயம் போதும்

கோர்ஸ் கோர்ஸாகப் போக வேண்டியதில்லை. எக்ஸ்லுக்கப் (ஒரு பட்டியலிலிருந்து விவரத்தைத் தேடி எடுப்பது, பழைய வெர்ஷன் என்றால் விலுக்கப்), பிவட் டேபிள் (பெரிய பட்டியலை வகை வகையாகத் தொகுத்துக் கூட்டுவது), டேட்டா வேலிடேஷன் (கட்டத்தில் தப்பானதை அடிக்க விடாமல் தடுப்பது) இந்த மூன்றும் கை வந்துவிட்டால் அட்மின் வேலையில் பெரும்பகுதி நிமிடக் கணக்கில் முடியும். பிவட் டேபிள் கற்றுக்கொண்ட அன்று, போன ஒரு வருடக் கூரியர் செலவை எந்த டிபார்ட்மென்ட் எவ்வளவு என்று பிரித்து ஒரு பக்கத்தில் மேலே அனுப்பினேன். யாரும் கேட்காத அறிக்கை. அதற்குப் பிறகு மாதாமாதம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் எக்செல் அமைதியாகச் செய்யும் துரோகங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அது ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். இரண்டு, பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். சம்பளத்துக்காக வங்கிக்கு அனுப்பும் பட்டியலில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு, அப்புறம் அடியுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போனது வராது. அதேபோல வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான், ஆங்கில எழுத்து 'ஓ' அல்ல. வங்கியிலிருந்து திரும்பி வந்த பட்டியல்களில் நான் முதலில் தேடுவது அந்த ஐந்தாவது இடத்தை.

ஐந்தாம் படி: இரண்டு மொழியிலும் கடிதம் எழுதப் பழகுங்கள்

ஆங்கில மெயிலுக்கு ஒரே விதி சொல்கிறேன்: என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் இரண்டும் முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். மீதியைக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், யாரும் படிக்கப் போவதில்லை.

தமிழ்க் கடிதம் எழுதத் தெரிந்த அட்மினுக்குத் தனி மதிப்பு, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நகராட்சி, மின்வாரியம், காவல் நிலையம், தொழிலாளர் துறை என்று எங்கே மனு கொடுத்தாலும் நல்ல தமிழில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை போட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் அந்த மேஜையில் வேலை சீக்கிரம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். தட்டச்சுக்குத் தமிழ்99 பழகுங்கள், 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை, ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் ஓடும். பழைய கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருவில் கிடந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது ஏதோ மந்திரம் போலத் தெரிவது அந்தப் பழைய எழுத்துருவால்தான். கொடுத்த மனுவின் நகலில் முத்திரையோடு பெற்ற தேதி வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால், பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, கவுன்ட்டரில் போய் குழம்ப வேண்டாம்.

கூட்டக் குறிப்பு எழுதும்போது யார் என்ன பேசினார் என்பதை விடுங்கள். என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். கூட்டம் முடிந்த அன்று மாலையே அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பதற்கு ஒரு ராத்திரி கிடைத்துவிடும்.

ஆறாம் படி: மனிதர்கள்

செக்யூரிட்டி ஐயா, ஹவுஸ்கீப்பிங் அக்கா, டிரைவர் அண்ணன், டீ கொண்டுவரும் தம்பி, இவர்கள்தான் உங்கள் உண்மையான டீம். ஜெனரேட்டரில் டீசல் குறைந்ததும், மாடியில் தண்ணீர் கசிவதும் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். காலையில் வந்ததும் ஐந்து நிமிடம் இவர்களோடு நின்று பேசினால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மிச்சம். மழைக்காலத்தில், சென்னையில் குறிப்பாக, இது இன்னும் முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முன்தினம் தரைத்தளத்தில் இருந்த யுபிஎஸ்ஸையும் ஃபைல்களையும் மேலே ஏற்றச் சொன்னது நான் இல்லை, எங்கள் செக்யூரிட்டி ஐயா. 2015-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டினார்.

மேலே இருப்பவர்களிடம் முடியாது என்று சொல்லப் பழக வேண்டும், ஆனால் "முடியாது" என்ற வார்த்தை இல்லாமல். "சார், இப்போ பேங்க் லிஸ்ட் போயிட்டிருக்கு, நாலு மணிக்குள்ள போகணும். இதை முதல்ல பண்ணட்டுமா, அதை முதல்ல முடிக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். எதை முதலில் செய்வது என்ற முடிவு அவருடையதாகிவிடும். பத்தில் எட்டு முறை "இல்ல இல்ல, அதை முடிங்க" என்பார்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாக. விருந்தாளி வந்தால் காபி கொண்டுபோவது, பிறந்தநாள் கேக் வெட்ட ஏற்பாடு, அழுதுகொண்டிருக்கும் புதுப் பெண்ணைச் சமாதானப்படுத்துவது, இதெல்லாம் தானாக நம் பக்கம் வந்து சேரும். சிலவற்றை நான் விரும்பித்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேக் விஷயத்தை டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மாதம் என்று சுற்றில் விட்ட பிறகுதான் அது ஒரு வேலை என்று மற்றவர்களுக்கு உறைத்தது. அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்தக் குழுவின் பெயர்ப் பலகையை மாட்டுவதும் அட்மின் வேலைதான். பெயர்கள் பழையதாகி, வேலையை விட்டுப்போனவர்கள் பெயரோடு பலகை தொங்குவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். இன்றே போய் உங்கள் ஆபீஸ் பலகையைப் படித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரே வரி: வாட்ஸ்அப்பில் வந்த பணம் சம்பந்தப்பட்ட உத்தரவை மெயிலில் ஒருமுறை "நீங்கள் சொன்னபடி" என்று உறுதி செய்துகொண்டுதான் செய்யுங்கள். எம்.டி. போட்டோவை டிபியில் வைத்துக்கொண்டு புது எண்ணிலிருந்து "அவசரமாகப் பணம் அனுப்பு" என்று மோசடிக்காரர்கள் கேட்பது இப்போது சகஜம்.

ஏழாம் படி: ஒப்படைப்பு ஃபைல்

முதல் படியில் எழுதிய நோட்டை எடுங்கள். சிவப்பும் பச்சையும் போட்ட ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: எப்போது, எப்படி, யாரிடம், எங்கே தவறும். கடைசியில் சொன்ன 'எங்கே தவறும்' தான் உயிர். "ஏ.சி.காரரிடம் காலை பத்துக்கு மேல் போன் செய்தால் எடுக்க மாட்டார்" என்பது மாதிரி. கடவுச்சொற்களை இதில் எழுதாதீர்கள், அவை யாரிடம், எங்கே பத்திரமாக இருக்கின்றன என்று மட்டும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று எழுதினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கே நம்மைத் தூக்கிவிடுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. நியாயமான பயம்தான், அப்படிச் செய்யும் முதலாளிகளும் உண்டு. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தவரை, தலைக்குள் பூட்டி வைத்திருந்தவர்களைத்தான் பதினைந்து வருடம் அதே மேஜையில், அதே சம்பளத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் லீவு போடுங்கள், ஊருக்குப் போங்கள். ஃபைலை ரிசப்ஷன் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, எத்தனை போன் வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு போனும் ஃபைலில் விட்டுப்போன ஒரு பக்கம். எனக்கு முதல் முறை பதினாறு வந்தது, குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது பிரிண்டர் டோனர் எங்கே என்று ஒன்று. அடுத்த முறை நான்கு.

எட்டாம் படி: எந்தப் பக்கம் போவது

சிவப்பு வேலைகளில் எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று நோட்டிலேயே இருக்கும். சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ பக்கம் என்றால் பேரோல், எச்ஆர். பில், வவுச்சர் என்றால் அக்கவுன்ட்ஸ். டேலியைச் சும்மா தெரியும் என்று சொல்லாமல் வங்கிக் கணக்கு ஒத்திசைவு (நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) வரை பழகுங்கள். சப்ளையரிடம் பேரம் பேசுவது பிடித்தால் பர்ச்சேஸ். கட்டடம், ஏஎம்சி, செக்யூரிட்டி என்றால் ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட், பெரிய வளாகங்களில் இதற்கு நல்ல தேவை. ஒரே ஒருவருடைய நேரத்தையும் பயணத்தையும் நிர்வகிப்பது கைவந்தால் எக்ஸிகியூடிவ் அசிஸ்டென்ட், இது பி.ஏ. வேலையின் புதுப் பெயர் இல்லை, மேலே இருப்பவருக்குப் பதிலாகச் சில முடிவுகளை நீங்களே எடுக்கும் வேலை.

அரசு வேலையும் ஒரு பாதை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி. தட்டச்சருக்கு அரசு தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்கு இளநிலை நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை 45. தெருமுனையில் இன்னும் டக் டக் என்று சத்தம் வரும் இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். போட்டி கடுமை, வயது வரம்பு உண்டு, அதனால் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் படி: கேளுங்கள்

இன்கிரிமென்ட் லெட்டர் அடித்து முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை, எப்போது அடிப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே, இரண்டு மாதம் முன்பே நேரம் கேளுங்கள். "நான் கஷ்டப்பட்டு வேலை செய்கிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் கொண்டுபோங்கள்: இந்த வருடம் நான் எடுத்துக்கொண்ட புது வேலைகள், என்னால் குறைந்த செலவு (கூரியர் கம்பெனியை மாற்றியது, பயன்படாத போன் இணைப்பை நிறுத்தியது), தவறாமல் போன தேதிகள், கடைசியாக நான் கேட்கும் பதவியும் தொகையும். தொகையை நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவர் சொல்வது எதுவாக இருக்கும் என்று சம்பளப் பட்டியல் அடிக்கும் உங்களுக்குத் தெரியாதா?

இல்லை என்று சொன்னால், எப்போது, என்ன செய்தால் கிடைக்கும் என்று கேட்டு, அதை அன்று மாலையே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியையும் காலண்டரில் போடுங்கள், 30 நாள் முன்பு ஒன்று, 7 நாள் முன்பு ஒன்று.

எனக்கு மூன்றாவது வருடம் அக்கவுன்ட்ஸ் கிடைத்தது. அதே எம்.டி., அதே அறை. "இங்க யாரும்மா பார்ப்பாங்க?" என்று அவர் தொடங்கும்போதே நாற்பத்திரண்டு பக்க ஃபைலை மேஜையில் வைத்தேன், கூடவே ரிசப்ஷன் பெண்ணையும் அழைத்துப் போயிருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "அந்த ஏ.சி.காரன் பத்து மணிக்கு மேல எடுக்க மாட்டானா? அதான் நான் போன் பண்ணா எடுக்கிறதே இல்லையா?" என்றார்.